விளிம்பு வித்துவான்

இரை கோக்கும் வேளையில் அவர் வள்ளத்தின் அணியத்தில் சாரத்தைப் போர்த்திக்கொண்டு நித்திரையாயிருப்பார். நங்கூரம் போடும்போதும், இறைத்து ஊற்றவேண்டிய தண்ணீர் காலடியில் தளும்பும்போதும், வாளியிலிருந்து துள்ளிய உயிர் இறால் அவருடைய வயிற்றின் மேலேயே வந்து விழும்போதும் அந்த நித்திரைக்கு யாதொரு பங்கமும் நேராது. ஆனால் கண்டல் ஓரத்துக் கலங்கல் நீரில் அரைமணி நேரம் நம்மை ஆட்டிவைத்த பெருங் கொடுவா ஒன்று, முடிவில் களைத்து, வாயைப் பிளந்து, வள்ளத்திலிருந்து இரண்டு பாகத் தூரத்தில் பக்கம் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டுகின்ற அந்தக் கணத்தில், யார் எழுப்பினார்கள் என்று தெரியாதபடி அவர் எழுந்து நின்றுவிடுவார். நின்றதோடு விட்டாலும் பாதகமில்லை. பேசவும் தொடங்குவார்.

“விடாதை தம்பி, இழு! எட, இழுக்காதை எண்டெல்லே சொல்லுறன், குடு, குடு! குடுத்தது காணும், இறுக்கிப் பிடி! தலையைப் பார்! ஐயோ, வாலை விட்டிட்டாய், வாலைப் பார்!” என்று ஒரே மூச்சில் உதிருகின்ற அந்த உபதேசங்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தால் அவற்றுள் ஒன்றையும் தவறென்று தள்ளிவிட முடியாது என்பதுதான் இவரிடமுள்ள பெரிய அபாயம். மீன் ஓடும்போது தங்கூசியை விரலிடுக்கால் வழுகவிட்டுக் கொடுக்கத்தான் வேண்டும்; அது திரும்பி நம்மை நோக்கி வரும்போது தொய்வு விழாமல் வாரி எடுக்கத்தான் வேண்டும்; நீரை விட்டுக் கிளம்பித் தலையை உதறும்போது கையைத் தாழ்த்தி இறுக்கத்தைச் சற்றே தளர்த்தத்தான் வேண்டும். இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, மீனின் குணமறிந்து, அரைமணி நேரம் பொறுமையோடு செய்யவேண்டிய காரியங்கள். நம் வித்துவானோ அரைமணி நேரத்துச் சாஸ்திரம் முழுவதையும் அரை நிமிஷத்தில் பாராயணம் செய்துவிடுகிறார். தங்கூசி பிடித்திருக்கும் இளைஞன் என்ன செய்வான்? கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தையைச் செய்வான். அது பெரும்பாலும் கொடுக்கவேண்டிய வேளையில் இழுப்பதாக முடியும்.

கொடுவாவோ அவசரக்காரருக்கு இணங்கிப்போகிற ஜாதியன்று. வங்காளத்தில் பெட்கி என்றும், சிங்களத்தில் மோதா என்றும், அவுஸ்திரேலியாவில் பரமுண்டி என்றும், ஏற்றுமதிக்காரர் வாயில் சீ பாஸ் என்றும் பல நாமங்கள் பூண்டுள்ள இந்த மீன், அறுபது கிலோ வரையிலும் வளரக்கூடியது. மாரியில் பாலியாறும் பறங்கியாறும் வவுனியாப் பக்கத்து மழையைக் கொண்டுவந்து மன்னார்க் கரையில் ஊற்றும்போது, நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடங்களில் இரை தேடித் திரிவது அதன் வழக்கம். ஆழக்கடல் மீனாயிருந்தால் தூண்டில் பட்டதும் கீழ்நோக்கிப் போகும். பாக்குக் குடாவின் இந்தப் பக்கத்தில் கீழே போவதற்கு இடமேது? நெஞ்சளவு தண்ணீரும் அதன் அடியில் சாதாளையுமே உள்ளன. ஆகையால் அது பக்கவாட்டில் ஓடும். கண்டல் வேருக்குள் நுழையப் பார்க்கும். நங்கூரக் கயிற்றைச் சுற்றப் பார்க்கும். ஒன்றும் வாய்க்காவிட்டால் வானத்துக்கே பாயும். செவுள் மூடியின் ஓரம் கத்திக்கு நிகராகக் கூரியது. பாய்ந்து ஓர் உதறு உதறி அந்த ஓரத்தில் தங்கூசியைப் பட வைத்துவிட்டதென்றால், எத்துணை விலை கொடுத்து வாங்கிய தங்கூசியும் அறும். அதற்காகவே விஷயமறிந்தவர்கள் தூண்டிலை ஒட்டி ஒன்றிரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூசி வைத்து முடிகிறார்கள்.

இன்னொரு விஷயம். கொடுவா இளமையில் ஆணாயிருந்து, சில ஆண்டுகள் சென்று பருத்த பின் பெண்ணாக மாறுகிற பிராணி; எனவே இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய அளவிலுள்ள கொடுவா என்பது, அநேகமாகச் சந்ததி பல கண்ட ஒரு மூதாட்டி. அந்த அம்மாளைப் பார்த்துத்தான் நம்மவர், “அவன் களைச்சுப் போனான், அமுக்கடா அவனை!” என்று கூவுவது. களைத்துப் போனதாகத் தோன்றுகிற அந்த நிலையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வள்ளத்தின் அடியையும், விளிம்பில் குனிந்த மனிதர்களின் நிழலையும் கண்ட மாத்திரத்தில் அதற்கு இரண்டாவது உயிர் வரும். கடைசி ஓட்டம் ஒன்று ஓடியே தீரும். முப்பது பாகம் தங்கூசி வெளியே கிடந்தபோது அது இழுபட்டு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு பாகம். நீள்வதற்கு அதில் இடமில்லை. பிடித்தவன் கைதான் இளகிக் கொடுக்கவேண்டும். தூரத்தில் தப்பாத மீன்கள் காலடியில் தப்புவதற்கு வேறு மர்மம் ஒன்றுமில்லை.

அவருடைய வாயைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். கைகளை என்ன செய்வது? அணியத்திலிருந்து மூன்றே எட்டில் வந்து, ஏற்கெனவே இளைஞன் நிற்கும் பக்கத்திலேயே தமது சரீரத்தின் முழுப் பாரத்தையும் இறக்குவார். வள்ளம் சாயும், காலடித் தண்ணீர் சாய்ந்த பக்கத்துக்கு ஓடிவரும், இளைஞன் தடுமாறி ஒரு கையால் விளிம்பைப் பற்றுவான். அந்த இடைவெளியில் வித்துவான் குனிந்து தங்கூசியை எட்டிப் பிடித்து, பிடித்ததோடு நில்லாமல், உள்ளங்கையில் இரண்டு சுற்றும் சுற்றிக்கொள்வார். உள்ளங்கையில் சுற்றிய தங்கூசியைக் கொடுக்க முடியாது என்பதும், அடுத்த இழுப்பில் அறுவது தங்கூசி, அல்லது சதை என்பதும் இந்தக் கரையில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். வெற்றிலைக் காவி ஏறிய அந்த வலது கையின் குறுக்கே மூன்று பழைய தழும்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடப்பதை நானே அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

கைவலை அகப்பட்டுவிட்டாலோ கேட்கவே வேண்டாம். பெரிய மீனுக்குக் கைவலை பிடிப்பது எப்படி என்பதில் எங்கும் இரண்டு அபிப்பிராயம் கிடையாது: வலையை முன்கூட்டியே நீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வைத்திருக்கவேண்டும், தங்கூசி பிடித்திருப்பவன் மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் நடத்திக் கொண்டுவரவேண்டும், தலை உள்ளே போனபின் வலையை உயர்த்தினால் உடல் தானே உள்ளே விழும், ஏனெனில் மீன் முன்னோக்கித்தான் பாயும். வலை மீனைத் தேடிப் போகக்கூடாது, மீன்தான் வலையைத் தேடி வரவேண்டும். நம் வித்துவானுக்கு இவ்வளவு காத்திருப்பு ஆகாது. கோழிக்குஞ்சைக் கூடையால் அமுக்கப் போகிற சிறுவனைப்போல வலையை உயர ஓங்கி, வால் பக்கத்திலிருந்து வீசுவார். வாலில் வலை பட்ட மீன் முன்னே பாயும். வலையின் வளையம் தங்கூசியில் மாட்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வளையத்தில் ஒட்டியிருக்கும் ஒரேயொரு செதில், அகலமானது, வெயிலில் மின்னும்.

தப்பிய மீனின் நீளத்தை இரு கைகளையும் விரித்துக் காட்டுகிற பழக்கம் மற்றத் தூண்டில்காரருக்கு உண்டு, இவருக்கு இல்லை. இவர் காட்டுவது நம்முடைய குற்றத்தின் நீளத்தை. முதலில் நிதானமாகக் கை கழுவுவார். பிறகு ஒரு பீடியைப் பற்றவைப்பார். பிறகு விசாரணை தொடங்கும். முடிச்சு யார் போட்டது? தூண்டில் எந்தக் கடையில் வாங்கியது? விடியற்காலையில் கரையில் இறங்கும்போது யார் தும்மியது? வாடைக் காற்று எழும்புமுன் திரும்பியிருக்கவேண்டாமா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து, சாட்சிகளை விசாரித்து, சந்தேகத்தின் பலனை மீனுக்குக்கூட அளித்து, கடைசியில் தீர்ப்பை அந்த இளைஞன்மேல் இறக்குவார்: “கைக்கெட்டினது வாய்க்கெட்டேல்லை, தம்பி. நீ அவசரப்பட்டிட்டாய்.” இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் தோன்றும் கருணை இருக்கிறதே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, ஜோர்ஜியா மாநிலத்து மொன்ட்கொமரி ஏரியில் ஜோர்ஜ் பெரி என்னும் வறிய விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள ஒரு பாஸ் மீனைப் பிடித்தார். அந்நாட்டு நன்னீர்ப் பாஸ் நம்முடைய கொடுவாவுக்கு உறவுமுறை கொண்டாட முடியாதது; பருமனிலும் நமது மூதாட்டிக்குப் பேரப்பிள்ளையாகக் காணாது. ஆயினும் அந்தப் பதிவை இன்றளவும் எவரும் முறியடிக்கவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிதா என்பவர் ஓர் அவுன்ஸ் அளவு கூடுதலாக ஒன்றைப் பிடித்தும், இரண்டு அவுன்ஸாவது கூடினாலன்றிப் பழைய பதிவு அழியாது என்பது விதியாதலால், இருவரும் சமமாகவே நிற்கிறார்கள். பெரி தம் மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதனினும் பிடித்தது, அன்று அவருடைய படகில் ஒரு நண்பரும் இருந்தார் என்பது. மீன் வீடு வந்து சேர்ந்ததிலிருந்தே, அந்த நண்பர் வாய் திறவாத உத்தமர் என்று நான் நிச்சயித்துக்கொண்டேன்.

இவ்வளவும் சொன்னபின் நியாயத்துக்காக மற்றொன்றும் சொல்லவேண்டும். இவருக்கும் ஒரு காலத்தில் சொந்த வள்ளம் இருந்தது. 2008இல் ஊரே இடம்பெயர்ந்து போனபோது அதைக் கரையில் விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்தபோது வள்ளமும் இல்லை, அதைக் கட்டியிருந்த மரமும் இல்லை. இப்போது ஒருவர் வள்ளத்தில் ஒருநாள், மற்றொருவர் வள்ளத்தில் மறுநாள் என்று ஏறிக்கொள்கிறார்; ஏறாதே என்று சொல்ல எவருக்கும் வாய் வருவதில்லை. இருட்டில் கண்டலுக்கு இடையேயுள்ள வாய்க்காலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்பு ஊன்றி, தரையின் தன்மையைக் கம்பின் நுனியாலேயே அறிந்து, ஓரிடத்திலும் தட்டாமல் வள்ளத்தைக் கரை சேர்க்கிறபோது அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோளகம் மாறுமுன்னே மூக்கால் அறிந்து, “போவம்” என்று ஒரே சொல்லில் எழுந்துகொள்வார், போகாதவர்கள் நனைந்திருக்கிறார்கள். தம்முடையதல்லாத காரியத்தில் இத்தனை ஆசையோடு கை நீட்டுபவருடைய கை, ஒரு காலத்தில் தம்முடைய காரியத்தையே பிடித்திருந்த கை என்பதை எண்ணினால், கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

கொஞ்சந்தான் இறங்குகிறது. ஏனென்றால் தப்பிய கொடுவா அந்த இளைஞனுடையது. இரவெல்லாம் கண் விழித்தவன் அவன். எண்ணெய்க்குக் கடன் சொல்லி வந்தவன் அவன். அடிமடி இழுவையை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த பின்பும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளுக்கு வலையைப் பறிகொடுத்து, தூண்டிலே கதி என்று இறங்கியிருக்கும் வீடுகள் இந்தக் கரையில் உள்ளன. அத்தகைய வீட்டில் ஒரு பெரிய கொடுவா என்பது பெருமை பேசுவதற்கான பொருளன்று. அது கடைக் கணக்கு, பிள்ளையின் சப்பாத்து, தாயின் மருந்து. அதை இரண்டு பாகத் தூரத்தில் அறுத்துவிட்டுப் பீடி பற்றவைப்பதற்கு வயதோ, அனுபவமோ, பழைய துயரமோ ஒருவருக்கு உரிமை தராது. வயதில் மூத்தவர் என்ற மரியாதையால் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், அறுந்த தங்கூசியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்; பார்க்கிற நமக்கு வயிறு எரிகிறது. போதாததற்கு, என்றேனும் ஒருநாள் இவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன் ஒன்று தப்பாமல் வள்ளத்துக்குள் வந்துவிட்டால், அதன் தலை தமக்கே உரியதென்று பாத்தியதை கொண்டாடி வாங்கிக்கொண்டும் போகிறார்.

ஆகவே வள்ளக்காரரான வாசகருக்கு ஒரு விண்ணப்பம். அவர் வந்து கேட்டால் மறுக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். காற்றுக்கும் வாய்க்காலுக்கும் அவரைப்போல ஆள் கிடையாது. அணியத்தில் இடம் கொடுங்கள், சாரமும் கொடுங்கள். கொடுவா தூண்டிலில் பட்டால் மட்டும் சத்தம் போடாதீர்கள்; மீன் பட்டிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கண்ணால் சொல்லிக்கொள்ளுங்கள்; கைவலையை வள்ளத்தின் பின்பக்கத்தில், எஞ்சினுக்கு அப்பால், அவர் மூன்று எட்டில் எட்ட முடியாத இடத்தில் வையுங்கள். அப்படியும் விழித்துக்கொண்டால், நங்கூரக் கயிற்றை அவர் கையில் கொடுத்து, இதை நீங்கள் பிடித்தால்தான் வள்ளம் நிற்கும் என்று சொல்லுங்கள். நம்புவார்.