வைஃபை ஐந்திணை: பெங்களூர் வாடகை வீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வீட்டு ரூட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாத குடும்பம் பெங்களூரில் இல்லை. ஆனால் தீர்ப்பு "நெட்டு போச்சு" என்பதோடு முடிந்துவிடுகிறது. போனது எது, எந்த அறையில் போனது, எந்தப் பொழுதில் போனது என்று யாரும் கேட்பதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே இருப்பவை கருப்பொருள், அதனால் விளையும் மனநிலை உரிப்பொருள் என்று வகுத்த தொல்காப்பியர் வைஃபைக்கும் சேர்த்தே இலக்கணம் செய்துவிட்டார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. ஆய்வுக் களம்

பிடிஎம் லேஅவுட்டில் முப்பதுக்கு நாற்பது மனை. 1,200 சதுர அடியில் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு குடித்தனம், பக்கத்தில் ஒரு பிஜி விடுதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று இந்திய அரசு 2005இல் விலக்களித்தது. அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சானல்களாக வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 என்ற மூன்றே. தெருவின் ரூட்டர்கள் அத்தனையும் இம்மூன்றில் முண்டியடிக்கின்றன. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காதே என்பது வைஃபையின் அடிப்படை விதி. இப்பண்பை அதே தெருவின் வாகன ஓட்டிகளிடம் காணோம்.

3. அளவை

செல்போனில் கோடுகளை எண்ணுவது பாமரர் வழக்கு. கற்றோர் சிக்னல் வலுவைச் சொல்லும் டிபிஎம் பார்ப்பர். இந்த எண் பத்து இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 40இலிருந்து மைனஸ் 80க்கு வருவது பத்தாயிரத்தில் ஒரு பங்காவது.

4. திணைப் பகுப்பு

குறிஞ்சி: ஹால், ரூட்டருக்கு நேர் எதிர் சோபா. மைனஸ் 40. பொழுது யாமம், ஊர் உறங்குவதால் சானலும் காலி. உரிப்பொருள் புணர்தல்: தொட்டதும் படம் ஓடுகிறது.

முல்லை: ஒரு சுவர் தாண்டிய அறை. மைனஸ் 60. பகலில் குறையில்லை. மாலையானால் தெருவே வீடு திரும்பி ஆளுக்கொரு கிரிக்கெட் பார்க்கிறது. உரிப்பொருள் இருத்தல்: திரையில் வட்டம் சுற்றச் சுற்றக் காத்திருத்தல்.

மருதம்: அடுக்களை. கருப்பொருள் மைக்ரோவேவ் அடுப்பு. அது இயங்குவது 2.45 கிகாஹெர்ட்ஸில், கசிவது சொற்பமே என்றாலும் ரூட்டரின் குரல் அதைவிடச் சன்னம். பொழுது விடியல். ஐடி ஊழியர்க்கு விடியல் ஒன்பதரை மணி என்பது உரையாசிரியர் கூற்று. அவர் மீட்டிங்கில் பேசும்போது இவர் பால் சுடவைக்கிறார். "ஏங்க, ஒரு நிமிஷம்தானே!" உரிப்பொருள் ஊடல்.

நெய்தல்: பால்கனி. கருப்பொருள் உலர்த்திய துணி, புறா, புறாவுக்குக் கட்டிய வலை. போன் ரூட்டரைக் கேட்கிறது, ரூட்டருக்குப் போன் கேட்கவில்லை. போனின் குரல் சிறியது. உரிப்பொருள் இரங்கல்: "ஹலோ, ஹலோ, நான் பேசறது கேக்குதா?"

பாலை: பின் படுக்கையறை. இடையில் கான்கிரீட் தூண், முழுக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. மைனஸ் 80. சுவர் தாண்டுவதில் இளைத்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இங்கே வருவதே இல்லை. உரிப்பொருள் பிரிதல்.

5. நம்பகத்தன்மை

திட்டத்தில் 100 எம்பிபிஎஸ் என்றிருந்தால் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கும். எட்டு பிட் ஒரு பைட். இதையறியாமல் வழக்காடுவோர் பலர்.

குற்றவாளியைக் காண மூன்று சோதனைகள் போதும். முதலில் விளக்கு: ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை. மரக்கிளைக்கும் கம்பத்துக்கும் தாவிச் செல்லும் கேபிள் எங்கோ அறுந்திருக்கும். ரூட்டரைத் தட்டிப் பயனில்லை. இரண்டாவது, லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி வேகம் பார்ப்பது. அங்கே முழு வேகம் வந்து காற்றில் வராவிட்டால் பிழை வைஃபையுடையது. மூன்றாவது பிங்: ரூட்டரின் சொந்த முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, அனுப்பியதற்குப் பதில் சில மில்லிநொடியில் சீராகத் திரும்ப வேண்டும். அது சீராக இருந்து வெளித்தளத்துக்கு மட்டும் தள்ளாடினால் பிழை வாசலுக்கு வெளியே.

மின்சாரம் தனி இயல். சிவசமுத்திரத்துக் காவிரி நீரில் பிறந்த மின்சாரத்தால் 1905இலேயே தெருவிளக்கு ஏற்றிய நகரம் இது. ஆயினும் கரண்ட் போகும். வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தாலும் ரூட்டர் இருக்கும் பிளக்குக்கு அதன் இணைப்பு இராது. பெரும்பாலான ரூட்டர்களுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றே போதும்.

6. முடிபு

ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் ஃபைபர் இழுத்து வந்த தம்பி. வாசல் மூலையில் கேபிள் எங்கே முடிகிறதோ அங்கே ஆணி அடித்துப் போகிறார். அதன்மேல் நாம் துணி உறை போடுகிறோம், முன்னால் சாமி படம் வைக்கிறோம், பிறகு வேகம் இல்லை என்கிறோம். ரூட்டர்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பங்கு இட அமைப்பின் குற்றம்.

ஆகவே வாசகர்க்கு விண்ணப்பம்: புது ரூட்டருக்குப் பணம் கட்டுமுன், இருப்பதை வீட்டு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த வெளியில் வையுங்கள். கேபிள் எட்டாவிட்டால் பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்குங்கள். பீரோவை நகர்த்த ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.