உதிரிபாகத் துறையின் மேலான மௌனத்துக்கு

என் காரைப் பெற்றெடுத்த கம்பெனியின் உதிரிபாகத் துறைத் தலைவர் அவர்களுக்கு, 2000ஆம் வருட மாடல் ஒன்றின் முதலும் கடைசியுமான உரிமையாளன் தெண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

நேற்று சாயங்காலம் கத்திப்பாரா இறக்கத்தில் ஒரு இளம் எஸ்.ஐ. என்னை ஓரங்கட்டினார். கண்ணாடியை இறக்கினேன். அறுபத்துமூன்று வயது, நெற்றியில் திருநீறு, பக்கத்து சீட்டில் முருங்கைக்காய்க் கட்டு. அவருக்கே ஏமாற்றம்தான். "இந்த வயசுல எதுக்கு சார் ரேஸ் சைலன்சர்?" என்றார். புல்லட்டில் சத்தம் வைத்துப் பிடிபட்டிருந்த இரண்டு பையன்களுக்கு நடுவில் என்னை நிற்க வைத்தார். அதில் ஒருவன் பணிவாகக் கேட்டான்: "அங்கிள், எங்க போட்டீங்க? பேஸ் செம."

போட்டதில்லை தம்பி, போனது.

எஸ்.ஐ. குனிந்து அடியில் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். "சட்டப்படி பத்தாயிரம் வரைக்கும் போகும் சார். சீக்கிரம் மாத்திடுங்க." மாத்திடுங்களாம்! சின்னப் பிள்ளை, உங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஐயா, நீங்கள் சைலன்சர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதாக ஊரில் பேச்சு. நான் நம்பவில்லை. முதல் தரமான சைலன்சர் உங்கள் அலுவலகத்திலேயே மாட்டியிருக்கிறது. ஆறு மின்னஞ்சல் போட்டேன். இந்தப் பக்கம் ஒரு முனகல்கூட வரவில்லை. என்ன வெல்டிங்!

பொங்கல் கழிந்து உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பார்ட் நம்பரைத் தட்டினாள். "இதற்குப் பதில் புதிய நம்பரைப் பார்க்கவும்" என்றது கம்ப்யூட்டர். புதியதைத் தட்டினால் பழையதைப் பார்க்கச் சொன்னது. நவக்கிரகத்தைச் சுற்றுவதுபோல் அந்தப் பிள்ளை ஒன்பது சுற்று சுற்றியது. கடைசியில் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நாற்பத்தேழாவது நாள் பாகம் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. ஆட்டோ பிடித்து ஓடினேன். சீல் வைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று. தொங்கவிட ரப்பர் வந்துவிட்டது, தொங்குவதற்குத்தான் ஒன்றுமில்லை.

புதுப்பேட்டைக்கும் போகாமல் இல்லை. கதவும் பானெட்டும் ஹெட்லைட்டுமாகக் கார்களைக் கூறுபோட்டு வைத்திருக்கிற சந்தில் ஒரு கடைக்காரர் என் சைலன்சர் டப்பாவை வாங்கித் திருப்பி, ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். அப்பளத்துக்குள் போவதுபோல் போனது. துருத்தண்ணீர் அவர் செருப்பில் ஒழுகியது. "கிட்டக்கிட்டவே ஓட்டுவீங்களோ?" என்றார். கோயில், மார்க்கெட், பேத்தி ஸ்கூல். அவ்வளவுதான் என் உலகம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். தொலைவாக ஓட்டினால் சூட்டில் ஆவியாகிவிடும், இல்லையென்றால் டப்பாவுக்குள் தங்கி உள்ளிருந்தே அரித்துவிடும் என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். உங்கள் மூன்று சர்வீஸ் அட்வைசர்கள் எனக்குச் சொல்லாத விஷயம். வேறொரு காரின் டப்பாவை அறுத்து ஒட்டித் தருவாராம். முன்பைப்பில் உட்காரும் ஃபிளாஞ்ச் மட்டும் என் மாடலுக்குத் தனி அளவு. "அது கம்பெனிலதான் சார் கேக்கணும்." கேட்டேன். மறுபடியும் அதே சைலன்சர்.

இப்போதைக்கு மில்க்மெய்ட் டின்னை வெட்டி விரித்து, ஓட்டையில் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டிருக்கிறேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அது ஒரு சுற்று திரும்பிக்கொள்கிறது.

அரசாங்கத்துக்கு என் கார் உயிரோடுதான் இருக்கிறது. இருபது வயது தாண்டிய குற்றத்துக்கு 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்னும் ஐந்து வருடம் ஓட்டு என்று போன டிசம்பரில்தான் சான்றிதழ் தந்தது. கருமாதி செய்தது நீங்கள். ஓட்டைப் பைப்பில் வருவது வெறும் சத்தம் இல்லை ஐயா, கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உள்ளே புகுந்தால், பின்சீட்டில் குழந்தை தூங்குகிறதா மயங்கிக் கிடக்கிறதா என்று தெரியாது. இந்த வெயிலில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேத்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுகிறேன். விற்றீர்களே, எண்ணி வாங்கினீர்களே, ஒரு தகர டப்பா செய்து கொடுக்கத் துப்பில்லையா?

மன்னிக்க வேண்டும். சைலன்சர் இல்லாததால் சத்தம் கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டது.

நேற்று ராத்திரி ஒரு அதிசயம். உங்கள் கம்பெனியிலிருந்து முதன்முறையாக ஒரு குரல்! "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று தேனாகக் கேட்டது. ரப்பர் வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டே ஐந்து என்றேன். அதில் சாவிகளைக் கோத்து வைத்திருக்கிறேன். நல்ல தரம், பத்து வருடம் தாங்கும்.

இப்படிக்கு,
தங்கள் கவனத்துக்குக் காத்திருக்கும்,
தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் குக்கரை இறக்கிவைக்கும் அளவுக்குத் தெளிவாகக் கேட்கும்,
வாடிக்கையாளன்.