ஏழாம் படிவம்

கப்பல் கம்பெனிகள் படும் பாட்டைப் பார்த்து உலகமே கண்ணீர் விட்டது. ஒரு துறைமுகத்துக்குள் நுழைய சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதே விவரத்தைத் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். பாவம்! 1965-லேயே சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதற்கென உடன்படிக்கை போட்டது. 2024 ஜனவரி 1 முதல் துறைமுகங்களில் ஒற்றைச் சாளரம் கட்டாயம். ஒரு தடவை தட்டினால் எல்லா அலுவலகத்துக்கும் போய்விடும். நம் அரசும் தன் பங்குக்கு 2023-இல் 'சாகர் சேது' செயலியை இறக்கிவிட்டது.

நல்லது, கப்பல்கள் சௌக்கியமாக இருக்கட்டும். தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டினால் ஆலந்தலை. அங்கே பைபர் படகு வைத்திருப்பவருக்கு எத்தனை சாளரம்? மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்கு ஒரு கட்டு ஜெராக்ஸ். படகுப் பதிவுக்கு ஒரு கட்டு. மானிய எரிபொருளுக்கு இன்னொன்று. மூன்றிலும் அதே பெயர், அதே அப்பா பெயர், அதே ஆதார். வலைக்கயிறு இழுத்துத் தேய்ந்த பெருவிரலை ரேஷன் கடை மெஷினில் வைத்தால், "ரேகை விழலியே அண்ணாச்சி, துடைச்சிட்டு வைங்க" என்கிறார்கள். எதைத் துடைக்க? தோலையா?

அந்த 1965 உடன்படிக்கைப்படி கப்பல் தரும் படிவங்களில் ஒன்று, மாலுமியின் பெட்டியில் எத்தனை பாட்டில் மது, எத்தனை சிகரெட் என்றெல்லாம் கேட்கிறது. தேச பாதுகாப்பு! ஏழாவது படிவம் ஆபத்தான சரக்குப் பட்டியல். எந்தப் பெட்டியில் என்ன ரசாயனம், கப்பலில் எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்க்க அலுவலகங்களுக்கு உரிமை உண்டு, அந்தத் தண்ணீரில் வலை வீசுகிறவனுக்குத்தான் இல்லை.

2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி கசிந்தது. கத்தாரின் ஹமாத், குஜராத்தின் ஹசிரா, இரண்டு துறைமுகங்களும் அந்தப் பெட்டியை இறக்க மறுத்தன. கப்பல் கொழும்புக்கு வந்து எரிந்து மூழ்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. இலங்கை மீனவன் தொழிலிழந்து உட்கார்ந்தான். கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இடையே மின்னணுத் தகவல் பரிமாற்றம் கட்டாயமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 100 கோடி டாலர் இழப்பீடு கொடு என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது 2025-இல். அதே வருஷம் மே மாதம் கேரளக் கடலில் எல்சா 3 கப்பல் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரை வரை ஒதுங்கின. அந்தக் கப்பலில் என்ன இருந்தது என்று மக்களுக்குச் சொல்லுங்கள் என உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கரை நாறிய பிறகு!

ஆக, வேகமாகப் போனது படிவம்தான், சேதி அல்ல.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். ஜெராக்ஸ் எதுவும் இணைக்கவில்லை, மன்னிக்கவும். உங்கள் கணினியில் ஏற்கெனவே கிடக்கும் அந்த ஏழாம் படிவத்தைத் தமிழாக்கி, கப்பல் வருமுன் ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களுக்கு அனுப்புங்கள். இதற்காகக் கப்பல் கம்பெனி கூடுதலாக ஓர் எழுத்துகூடத் தட்ட வேண்டியதில்லை.