ஐடி கார்டு இல்லாத 60 கணினிகள்

அனுப்புநர்:
தங்கள் கல்லூரிக் கணினிகளுக்கு ஏ.எம்.சி. எடுத்திருக்கும் சர்வீஸ்காரன்.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
சுயநிதிப் பொறியியல் கல்லூரி.

பொருள்: இரண்டாம் ஆய்வகத்தின் 17ஆம் கணினியைச் சரிசெய்யச் சொன்னால் கணக்குப் பிரிவுக்குள் புகுந்தது ஏன் என்பதற்கு விளக்கம் அளித்தல் தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

செய்முறைத் தேர்வு நெருங்கிய நேரம். ஆய்வக உதவியாளர் போன் செய்து, "சார், பதினேழுல கம்பைலர் ஓப்பன் ஆகல" என்றார். ரிமோட் சப்போர்ட் மென்பொருளைத் திறந்து, திரையில் தெரியும் ஐடியைப் படிக்கச் சொன்னேன். படித்தார், அடித்தேன். கடவுச்சொல்லும் பொருந்தியது. திறந்ததோ ஒரு சம்பளப் பட்டியல். மவுஸை நகர்த்தினேன். "இங்க ஒண்ணும் அசையலையே சார்" என்றார் அவர் போனில். அதே நேரத்தில் பட்டியலின் மேல் ஒரு நோட்பேட் விரிந்து, யாரோ "யார் நீங்க?" என்று தட்டினார்கள். உடனே வெளியேறிவிட்டேன். ஒவ்வொரு பேராசிரியர் பெயருக்கு எதிரிலும் ஏன் இரண்டு தொகைகள் இருந்தன என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

இனி, விளக்கம்.

கோடை விடுமுறையில் தங்கள் நிர்வாகம் ஒரு சிக்கன சாதனை புரிந்தது. ஒரே ஒரு கணினியில் விண்டோஸ், கம்பைலர், ரிமோட் மென்பொருள் எல்லாவற்றையும் போட்டு, ஓட்டியும் பார்த்து, அதன் வட்டை குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளால் 60 கணினிகளுக்கும் நகலெடுத்தார்கள். நல்ல மென்பொருள்தான், கொடுத்ததை அட்சரம் பிசகாமல் நகலெடுக்கும். அந்த இமேஜ் கணக்குப் பிரிவின் புதுக் கணினிக்கும் போயிற்று. நகலெடுக்கும் முன் செய்யவேண்டிய வேலைக்கு நான் கொடுத்த கொட்டேஷன் மட்டும் 'அவசியமில்லை' என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

ரிமோட் மென்பொருள் முதன்முதலில் ஓடும்போது அதன் சர்வர் ஒன்பது, பத்து இலக்கத்தில் ஓர் எண் தரும். அதுதான் ஐடி. அந்த எண் வட்டிலேயே தங்கிவிடும். டீம்வியூவர் என்றால் ரெஜிஸ்ட்ரியில். எனிடெஸ்க் என்றால் புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் உள்ள கோப்புகளில். வட்டை நகலெடுத்தால் எண்ணும் சேர்ந்தே நகலாகும். ஆளில்லாதபோது இணைவதற்கு வைத்த கடவுச்சொல்லும் கூடவே போகும். சர்வரின் கண்ணுக்குத் தங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஒரே கணினி. அழைத்தால் எது கதவைத் திறக்கும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். மென்பொருளின் மேல் குற்றமில்லை ஐயா.

வியப்பு என்னவென்றால், இது தங்கள் கல்லூரியில் நடந்ததுதான். கழுத்தில் ஐடி கார்டு தொங்காத மாணவனை வாசலிலேயே நிறுத்தி அபராதம் போடுகிறீர்கள். நண்பனின் கார்டை மாட்டி வந்தால் அப்பாவை அழைத்துவரச் சொல்கிறீர்கள். 60 கணினிகள் ஒரே கார்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் அப்பாவைக்கூட யாரும் அழைக்கவில்லை. ஆடிட்டுக்காக ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஸ்டாக் ரிஜிஸ்டர் எண்ணை மட்டும் பெயிண்டில் எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட் நெட்வொர்க்கில் தெரிவதில்லை.

"அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டோம், பழைய ஐடியே வருகிறது" என்று குறிப்பாணையில் கண்டிருக்கிறீர்கள். மென்பொருளை நீக்கினாலும் ஐடி இருக்கும் கோப்போ ரெஜிஸ்ட்ரிப் பதிவோ பல நேரம் வட்டிலேயே தங்கிவிடும். சர்வீஸை நிறுத்தி, அதை அழித்த பிறகே புதிதாகப் போடவேண்டும். அதையும் ஒரு கணினியில் செய்தேன். புது ஐடி வந்தது. மறுநாள் காலை ரீஸ்டார்ட் ஆனதும் பழைய ஐடியே திரும்பிவிட்டது. மாணவர்கள் கெடுத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் டீப் ஃப்ரீஸ் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது வட்டைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். மாணவன் கெடுத்ததையும் நான் திருத்தியதையும் அது ஒரே தராசில் வைத்து அழிக்கிறது. அதை உருக்குவதற்கான கடவுச்சொல், வேலையை விட்டுப்போன சிஸ்டம் அட்மின் தம்பியிடம் மட்டுமே இருக்கிறது. கடைசி மாதச் சம்பளம் வந்தால் நினைவுக்கு வரும் என்கிறார்.

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்ற புகாருக்கும் வேர் அந்த நகலெடுப்புதான். தாங்கள் வாங்கிய வால்யூம் லைசென்ஸில் கே.எம்.எஸ். சர்வர் குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளைக் கண்ட பிறகே ஆக்டிவேட் செய்யும். கணினிகளின் உள் அடையாள எண்ணை வைத்துத்தான் அது எண்ணுகிறது. 60ஐயும் எண்ணிவிட்டு, 'ஒன்று' என்கிறது. இன்னும் 24 வாங்கலாமா என்று தங்கள் கொள்முதல் குழு யோசிப்பதாகக் கேள்வி. அவற்றையும் இதே முறையில் நகலெடுத்தால், எண்ணிக்கை ஒன்றாகவே நீடிக்கும்.

"ஒரே எஸ்.ஐ.டி. இருந்தால் ஒன்றும் ஆகாது, மைக்ரோசாஃப்ட்காரரே எழுதியிருக்கிறார்" என்று தங்கள் துறைத்தலைவர் வாதிடுகிறார். எஸ்.ஐ.டி. என்பது விண்டோஸ் கணினிக்குத் தரும் பாதுகாப்பு அடையாள எண். எழுதியது உண்மை. மார்க் ருசினோவிச் 2009இல் எஸ்.ஐ.டி.யை மாற்றித்தரும் தம்முடைய நியூஎஸ்ஐடி என்ற கருவியையே ஓய்வுபெற வைத்து, ஒரே எஸ்.ஐ.டி. பற்றிய பயம் வீண் என்றார். நகல் கணினிகளை சிஸ்பிரெப் என்ற விண்டோஸ் கருவி மூலம் தனித்தனியாக்குவதே மைக்ரோசாஃப்ட் ஏற்கும் முறை என்றும் அதே கட்டுரையில் எழுதினார். துறைத்தலைவர் அதுவரை படிக்கவில்லை போலும். ஆகஸ்ட் 29, 2025 முதல் வந்த அப்டேட்டுகளோ விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் எஸ்.ஐ.டி. சோதனையைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஒரே எஸ்.ஐ.டி. உள்ள இரு கணினிகள் ஒன்றையொன்று நம்ப மறுக்கின்றன; பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. 16 ஆண்டு பழைய தைரியத்துக்கு இப்போது பில் வந்திருக்கிறது.

எனவே பணிவுடன் வேண்டுவது:

1. மாஸ்டர் கணினியில் ரிமோட் மென்பொருளைப் போடவேண்டாம். நகலெடுத்த பின் ஒவ்வொன்றிலும் போடலாம். ஒரு சிறிய ஸ்கிரிப்ட் போதும்.

2. நகலெடுக்கும் முன் சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ் தேர்வுடன் ஓட்ட அனுமதி தரவேண்டும். அது விண்டோஸுடனேயே வருகிறது. கொள்முதல் குழு கூடத் தேவையில்லை.

3. கணக்குப் பிரிவுக்கும் ஆய்வகத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைக்கவேண்டும். 17ஆம் கணினியின் கடவுச்சொல் தெரிந்த இறுதியாண்டு மாணவர்கள் பலர். அவர்கள் என்னைப்போல உடனே வெளியேறுவார்கள் என்று சொல்வதற்கில்லை.

4. சிஸ்டம் அட்மின் தம்பியின் சம்பளப் பாக்கியைத் தந்துவிடவேண்டும். பட்டியலில் உள்ள இரண்டு தொகைகளில் எது என்பது தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சர்வீஸ்காரன்.

நகல்: இரண்டாம் ஆய்வகத்தின் 60 கணினிகளுக்கும், தகவலுக்காக. ஒரே பிரதிதான் அனுப்பியிருக்கிறேன். யார் பிரித்துப் படிப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.