தட்டிப் பார்க்கும் மாமா

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் யாராவது பழைய சாமான் வாங்கினால், காசு கைமாறுவதற்கு முன்னால் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தாக வேண்டும். அவர் வாங்குகிறவருக்கும் உறவில்லை, விற்கிறவருக்கும் உறவில்லை. ஆனாலும் ஊருக்கே மாமா.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வங்கியிலோ ரயில்வேயிலோ காலமெல்லாம் பிறர் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். காலையில் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் நானாலால் மேத்தா பூங்காவில் நடப்பார். நர்மதையின் வளைவு நெளிவுகளை வைத்து அமைத்த பாதை அது. அமர்கண்டக்கில் கிளம்பிக் கடலில் கலக்கும் வரை நடந்துவிட்டு, கஃபே மெட்ராஸ் வாசலில் வரிசையில் நின்று ஒரு காபி குடிப்பார். அதன்பின் மத்தியானச் சாப்பாடு வரை அவருக்கு ஏதாவது உத்தியோகம் வேண்டும். மகேஸ்வரி உத்யானத்தை ஒட்டிய நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் கொஞ்ச நேரம் கழியும். ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டி, விலை கேட்டு, "இதுக்கா?" என்று திருப்பி வைத்துவிடுவார். தனக்கென்று எதையும் வாங்கமாட்டார். வாங்கிவிட்டால் பேரம் முடிந்துபோகுமே!

கோத்ரெஜ் பீரோ, வெண்கல உருளி, தையல் மெஷின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பரிசோதனைதான். விரலை மடக்கி இரண்டு தட்டு. மிருதங்கத்துக்காவது அது பொருந்தும்.

மரவேலை பழக எனக்கு ஒரு பழைய தச்சு மேஜை வேண்டும் என்ற செய்தி மாமாவுக்கு எப்படி எட்டியது என்று கேட்காதீர்கள். மாட்டுங்காவில் காய்கறி மார்க்கெட் இருக்கிறது, எல்லா வீட்டுக் கதையும் அங்கே வந்து சேரும்.

"ஆசாரிக்கு மேஜை எதுக்குடா?" என்று ஆரம்பித்தார்.

கேள்வி நியாயமானதுதான். நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டே இழைத்துத் தேர் செய்தவர்கள். இடுப்பு உயர மேஜையும் மரத்தை இறுக்கிப் பிடிக்க அதன் விளிம்பில் பொருத்திய வைஸும் பெரும்பாலும் தொழிற்பள்ளிப் பட்டறைகளின் சொத்து. 1887-ல் தொடங்கி 1923-ல் மாட்டுங்காவுக்குக் குடிவந்த வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மாதிரிக் கல்லூரிகளில் முதல் வருஷப் பிள்ளைகள், வாழ்நாளில் மறுபடி தொடப்போகாத இழைப்புளியைத் தள்ளித் தள்ளி ஒரு மூட்டுச் செய்து மார்க் வாங்குவார்கள். எங்கேயாவது ஒரு பட்டறையை மூடினால் அதன் மேஜைகள் பங்கார் என்கிற காயலான் கடைக்கு வரும்.

எங்கே வாங்குவது என்பதிலும் மாமாவுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள். "ஓஷிவாராவுல பாலிஷுக்கு விலை. சோர் பஜார்ல கதைக்கு விலை. தாருகானாவுல கப்பல் மரம் நன்னாத்தான் இருக்கும், ஆனா கப்பல்ல அடிச்ச ஆணியும் கூடவே வரும்." மூன்றும் உண்மை. மாமாவிடம் இதுதான் சங்கடம், பாதி சரியாகவே சொல்லித் தொலைப்பார். நான் ஏற்கெனவே தாராவி 13 காம்பவுண்டில் ஒரு கடையில் போனில் பேசி வைத்திருந்தேன். திருநெல்வேலிக்காரர் கடை. மாமா டாக்சியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மேஜை வாசலிலேயே நின்றது. ஆறடி நீளம். விளிம்பெல்லாம் ரம்பத்தின் பல் பட்ட தழும்புகள், ஒரு மூலையில் எவனோ உளியால் செதுக்கி வைத்த தன் முதலெழுத்து. மாமா விரலை மடக்கினார். டொக், டொக். கண்ணை மூடினார்.

"பர்மா தேக்கு."

அங்கே தொடங்கி 1863-ல் வாலஸ் சகோதரர்கள் பாம்பே பர்மா கம்பெனி ஆரம்பித்தது, மரச் சண்டை முற்றி 1885-ல் பர்மா மன்னர் தீபாவே நாட்டை இழந்தது, எல்லாம் வந்தது. மியான்மர் 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது, ஆகவே இனி இந்த மாதிரி மரம் கிடைக்காது என்பது வரை போனார். விற்கிறவர் சொல்லவேண்டியதையெல்லாம் வாங்க வந்த கோஷ்டியே சொல்லிவிட்டால் விலை எப்படி இறங்கும்?

கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "ஐயா, மேப்பலகை மட்டுந்தான் தேக்கு, அதுவும் நம்ம நாட்டுத் தேக்கு. காலு சால் மரம், பாத்துக்கிடுங்க."

"உனக்கென்னப்பா தெரியும், நீ விக்கறவன்."

இதற்குள் நான் என் வேலையைப் பார்த்தேன். இப்படிப்பட்ட மேஜையில் பார்க்கவேண்டியது வேறு. சம உயரமுள்ள இரண்டு நேர்க் குச்சிகளை இரு கோடியிலும் குறுக்கே வைத்து, கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் பலகை முறுக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நீளவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும், இழைக்கும்போது அப்படித்தான் மேஜை ஆடும். காலின் அடியில் கரையான் மண் இருக்கிறதா என்று குனிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் வைஸ். இதில் இருந்தது ஷெஃபீல்டின் 'ரெக்கார்டு'. துருவைத் துடைத்ததும் வார்ப்பெழுத்து தெரிந்தது. முன்னால் உள்ள சின்ன விசையை அழுத்தினேன், திருகைச் சுற்றாமலே தாடை வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த மேஜையில் பாதி விலை அந்த இரும்புக்கே கொடுக்கலாம். மாமா அதையும் ஒரு தட்டுத் தட்டினார்.

விலை பதினைந்தாயிரம் என்றார் கடைக்காரர். மாமா மூவாயிரம் என்றார். பிறகு டீக்கடை வரை கோபித்துக்கொண்டு போனார், கட்டிங் சாயோடு திரும்பினார். தன் கல்யாணத்தின்போது இதே சைஸ் மேஜை எண்பது ரூபாய் என்றார். பதிலுக்குக் கடைக்காரர் அன்றைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். பேச்சு எப்படியோ ஊர்ப் பக்கம் திரும்பி, கடைக்காரருக்கு அம்பாசமுத்திரம், மாமாவின் மாமியாருக்குக் கல்லிடைக்குறிச்சி, நடுவே தாமிரபரணி என்று தெரிந்ததும் இருவரும் என்னை மறந்துபோனார்கள். கடைசியில் பதினோராயிரத்துக்கு முடிந்தது. நாலாயிரம் மிச்சப்படுத்திய பெருமையில் மாமா டெம்போவுக்கு முன்னால் நடந்தார்.

முதல் நாள் போனில் எனக்குச் சொன்ன விலை பத்தாயிரம்.

கடைக்காரரைத் தனியே கேட்டேன். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "பேரம் பேசுத ஐயாவக் கூட்டியாந்திருக்கீய. அவியளுக்கு இடம் விட்டுத்தானே விலை சொல்லணும்?"

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாலு போல்ட்டைக் கழற்றினால் கால் தனி, பலகை தனி. "பிரிச்சா ஆட்டம் கொடுக்கும்" என்று மாமா தடுத்துவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் மேஜை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. மாமா மூலையைத் தட்டிப் பார்த்து, சுவர்தான் கோணல் என்றார். சுமைதூக்கும் ஹமால்களில் மூத்தவர் ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

மேஜை இன்று என் பால்கனியில் ஆடாமல் நிற்கிறது. மறுவாரம் சொசைட்டி நோட்டீஸ் வந்தது: குடியிருப்பில் தச்சு வேலைச் சத்தம் கூடாது, முக்கியமாக மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. கீழே செயலாளர் கையெழுத்து. மாமாவேதான்.

நீங்களும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருந்து பழைய சாமான் வாங்கப் போவதாக இருந்தால் அவரைத் தவிர்க்க முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டணம் ஆயிரம் ரூபாய் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். சொசைட்டி அனுமதியை மட்டும், டாக்சியில் போகும்போதே அவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.