அட்சயப் பாட்டில்

கடலூர் என்றால் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ இருப்பார். சிதம்பரம் என்றால் நான்கு வீதிகளுக்கு உள்ளேயோ அண்ணாமலை நகர்ப் பக்கமோ. ஓய்வு பெற்றவர், தெருவுக்கே ‘சார்’. அவர் வீட்டு பாத்ரூம் ஜன்னலில் ஒன்றரை லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று நிற்கும். மூடியில் ஆணியால் குத்திய நாலைந்து ஓட்டை, அடியில் ஒரு விரற்கடை சுண்ணாம்பு, மேலே தெளிந்த தண்ணீர். நமக்கு அது பிளீச்சிங் பவுடர் கரைசல். சாருக்கு ‘ஸ்டாக் சொல்யூஷன்’. எப்போது கலக்கியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எப்போது தீரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்: தீராது. பாதிக்குக் கீழே இறங்கியதும் சார் அதைக் குழாயடியில் பிடித்துக் கழுத்துவரை நிரப்புவார், ஓட்டைகளைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு நாலு குலுக்குக் குலுக்குவார், பழைய இடத்திலேயே வைப்பார். கரைசல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. பவுடர் வாங்க வேண்டிய செலவு இன்னொரு மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இந்தக் குலுக்கலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கில் புலியான சார் இதை மட்டும் போட்டுப் பார்த்ததில்லை. புதுப் பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவுக்குக் குளோரின் கிடைக்கும். லிட்டருக்கு 15 கிராம் போட்டால் 0.5 சதவீதக் கரைசல்; நல்ல காரம்தான். பாதி தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் 0.25. அடுத்த தடவை 0.125. மூன்றாவது தடவை 0.06 சொச்சம். மேசை, கைப்பிடி துடைக்க 0.1 சதவீதம் வேண்டும் என்று கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மூன்றாவது நிரப்பலிலேயே சார் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டார். ஆனால் அவர் நிறுத்துவதில்லை. பத்தாவது நிரப்பலில் ஆரம்பத்து வீரியம் ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு, லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. குடிநீரில் குளோரின் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும் அதே நிறுவனத்தின் வழிகாட்டு அளவுதான். அதாவது பத்தாவது தடவைக்குப் பிறகு சார் குடிநீரால் பாத்ரூம் கழுவுகிறார். இதுவும் குளோரின் பாட்டிலைவிட்டு எங்கும் போகவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட தாராளக் கணக்கு. அது போகும். வெயில் பட்டால் போகும், சூட்டில் போகும், மூடியின் ஓட்டை வழியாகவும் போகும். சார் பாட்டிலை வைத்திருப்பதோ மேற்குப் பார்த்த ஜன்னலில். கடலூர் அக்னி நட்சத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தைத் தடுக்கும் பழுப்புப் பாட்டில் கிடைக்காமலும் இல்லை. புதுச்சேரி எல்லை அரை மணி நேர தூரம், மாப்பிள்ளை கொண்டுவந்து காலி செய்தவை மொட்டை மாடியில் கிடக்கின்றன. ஆனால் அதை ஜன்னலில் வைத்தால் தெரு என்ன நினைக்கும்? நிறத்தில் சரியான ஒரே பாட்டில் கௌரவத்தால் தள்ளுபடியானது.

“வாடை அப்படியே இருக்கே!” என்பது சாரின் முதல் வாதம். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, “காரம் போகல” என்று தீர்ப்புச் சொல்வார். மூக்கு இந்த வழக்கில் நம்பத் தகுந்த சாட்சி இல்லை. அழுக்கிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு சேர்ந்து குளோரின் குளோரமின்களாக மாறும்போதுதான் அந்தத் தூக்கலான நெடி கிளம்புகிறது. வேலை செய்யவேண்டிய குளோரின் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் மோந்து பார்ப்பதில்லை. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, எவ்வளவு மஞ்சளாகிறது என்று அட்டையோடு ஒப்பிடுகிறார். சாருக்கோ மூக்கின் மேல்தான் நம்பிக்கை.

பக்கெட்டு விவகாரம் அடுத்தது. துடைத்து முடித்தபின் மிஞ்சும் கலங்கல் நீரைச் சார் கொட்டமாட்டார். புனல் வைத்து மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றுவார். தலைமுடி, தூசு, சோப்பு நுரை எல்லாம் கூடவே உள்ளே போகும். அழுக்கைக் கண்டால் குளோரின் முதலில் அதனோடுதான் மல்லுக்கட்டும். கிருமியின் முறை வருவதற்குள் தீர்ந்துபோகும். நாளாக ஆக அந்தப் பாட்டில் வீட்டிலேயே அழுக்கான பொருளாகிறது. அதைத்தான் அவர் நாள்தோறும் வீடு முழுக்கத் தெளிக்கிறார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும் ஒரு இடம் உண்டு. வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் வடிப்பவர்கள் பாத்திரங்களைச் சுத்தப்படுத்தும் கரைசலை ஒருமுறை கலக்கி வாரக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்களே என்று எங்கோ படித்துவிட்டு வருவார். (நம்மூரில் வீட்டில் ஊறல் போட்டால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வாசலுக்கே வந்துவிடும், சார் அந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டியிருப்பார்.) செய்தி உண்மைதான். ஆனால் அவர்கள் அப்படி வைத்துக்கொள்வது பாஸ்பாரிக் அமிலம் கலந்த வேறு சரக்கு. காய்ச்சி வடித்த நீரில் கலக்குகிறார்கள். பிஎச் 3-க்கு மேல் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏறினால் கொட்டிவிடுகிறார்கள். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே அதில் முக்குகிறார்கள். சாரிடம் இருப்பது குளோரின், உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீர், ஒரு மூக்கு. இன்னும் மடக்கினால் 1847இல் வியன்னாவில் இதே குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் மருத்துவர்களைக் கை கழுவவைத்துப் பிரசவ வார்டு மரணங்களைக் குறைத்த செம்மல்வைஸைத் துணைக்கு அழைப்பார். அந்த மகான் அதில் தண்ணீர் ஊற்றி ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்ததாக வரலாறு சொல்லவில்லை.

இவரைக் கஞ்சன் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம் என்று இந்த மாவட்டம் பட்டது கொஞ்சமல்ல. கடை அடைத்து, கரண்ட் போய், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாள்களில், பவுடர் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குத் தெரு மொத்தமும் அவர் வாசலைத்தான் பார்த்தது. 2020 மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களோடு கொரோனா வந்து மாவட்டத்து எண்ணிக்கை எகிறியபோது, பக்கத்து வீட்டுப் படிக்கட்டையும் கேட்காமலே துடைத்துவைத்தவர் அவர். தட்டுப்பாட்டைக் கண்டவர் சேர்த்து வைப்பதில் தப்பில்லை. சேர்க்க வேண்டியது பவுடரை. ஈரம் படாமல் இறுக மூடி நிழலில் வைத்தால் அது ஓரளவு தாங்கும். கடற்காற்றில் பிரித்துவைத்தால் சில வாரங்களில் நமுத்துப்போகும். தண்ணீரில் கலந்துவிட்டாலோ நாள் கணக்குத்தான்.

வீரியம் போன தண்ணீரால் தரை துடைப்பது அவர் பாடு. ஆனால் பாட்டில் வேடிக்கை இல்லை. புதிதாகக் கலக்கிய அன்று அதில் இருப்பது தொண்டையை எரியவைக்கும் திரவம். ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய எச்சரிக்கையைக் குளோரினே வெளுத்துவிட்டது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்தால் லீவுக்கு வந்த பேரப்பிள்ளை கூல்டிரிங்க்ஸ் என்றுதான் நினைக்கும். இன்னொன்று, “எல்லாம் கிருமிநாசினிதானே” என்று மிச்சமிருந்த டாய்லெட் ஆசிடையும் அதிலேயே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிடும் பிளீச்சிங் கரைசலும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் 1915இல் ஈப்ர நகரருகே படைவீரர்களைக் கொன்றது அதுதான். அதைக் கதவு சாத்திய நாலடி பாத்ரூமுக்குள் கிளப்பிவிடுவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே சார், இன்றைக்கு ஜன்னலில் இருப்பதைச் சாக்கடையில் கொட்டுங்கள். பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நாளைக் காலை தேவைக்கு மட்டும் பக்கெட்டில் கலக்குங்கள், வேலை முடிந்ததும் அதையும் கொட்டிவிடுங்கள். பவுடர் டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத பரணில், ஆசிட் பாட்டிலுக்கு வெகு தூரத்தில் வையுங்கள்.