கட்டமா, அறுகோணமா?

கேள்வி: நண்பர்களோடு மேசையில் பகடை உருட்டி, வீரன், அசுரன் என்று கதை ஆடுகிறோம். வரைபடத்துக்குச் சதுரக் கட்டம் நல்லதா, அறுகோணமா?
(ஒரு வாசகர், பொதட்டூர்பேட்டை)

பதில்: உங்கள் வீரன் கதவைத் திறக்கிறானா, காட்டில் அலைகிறானா? சுவருக்குச் சதுரம், காட்டுக்கு அறுகோணம். சதுரத்தில் மூலைவாட்டில் போனால் ஒரு கட்டத்துக்குச் சுமார் 0.4 கட்டத் தூரம் ஓசியில் கிடைக்கும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். நீங்கள் ஆடுவது போன்ற கதையாட்டமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வந்த முதல் பதிப்பில், வெளிப் பயணத்துக்கு வேறொரு விளையாட்டின் அறுகோணப் பலகையைத்தான் பரிந்துரைத்தது!

கேள்வி: எங்கள் ஆட்டம் எப்போதும் ஒரே பாதையில்தான் போகிறது. என்ன செய்வது?
(அதே வாசகர்)

பதில்: திருத்தணி முருகனைக் கேளுங்கள். 365 படியும் வைத்திருக்கிறார், வண்டிப் பாதையும் வைத்திருக்கிறார். வழி ஒன்றுதான் என்றால் அது ஆட்டமில்லை, தரிசன க்யூ.

ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. நடுவில் நிற்கிற புலிக்கு நாலு பக்கமும் வழி. மூலைக்குப் போன புலியை ஆடுகளே மடக்கிவிடும். உங்கள் பெரிய அசுரனை மூலையறையில் அடைக்காதீர்கள். ஆடுபுலி ஆட்டக் கோடுகளைத் தரையில் சாக்பீஸால் போட்டு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, அப்புறம் வரைபடத்தில் கை வையுங்கள்.